மூடிய கதவும் மூத்த மகளும்: நீதியரசர் பாத்திமா பீவி



கல்முனை நீதிமன்ற வளவுக்குள் ஒரு வேலைநாட் காலையில் நுழைகின்றவர் இன்று ஒரு காட்சியைக் காணலாம். கறுப்பு அங்கியைக் கையிற் போட்டுக்கொண்டு, வழக்குக் கோவைகளை நெஞ்சோடு அணைத்தபடி, தலையை மூடிய இளம் பெண்கள் படியேறிக்கொண்டிருப்பார்கள். மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வந்த கட்சிக்காரர்கள் அவர்களைச் சூழ்ந்து நின்று, தங்கள் காணித் தகராறையும் கடன் வழக்கையும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இது நமது மூத்தம்மாமார் கண்டிராத காட்சி. அவர்கள் காலத்தில் அப்புக்காத்து என்றாலும் பிறக்கிராசி என்றாலும் ஆண்மகனையே அச்சொல் குறித்தது. சட்டம் படித்தவர்களுக்கு நம் கரையோரத்தில் எப்போதுமே தனி மதிப்பு உண்டு. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் சட்டத்தரணியாய்த் தொடங்கி, கட்சித் தலைவராய், அமைச்சராய், கவிஞராய் வளர்ந்ததை நாம் பெருமையோடு பேசுகின்றோம். ஆனால் சட்டம் படித்த நம் பெண்களின் முன்னோடிகளைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அவர்களுக்கு முன்னே யார் நடந்தார்கள்? எந்தக் கதவு எப்போது திறந்தது? திறக்காத கதவு இன்னும் எங்கே உண்டு? இவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு, கடலுக்கு அப்பால் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணின் வரலாறு நமக்குத் துணை செய்யும். அவர்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசர், எம். பாத்திமா பீவி.

பெயர்களில் ஒரு சிறு மயக்கம் வரக்கூடும். நாம் இங்கே உயர் நீதிமன்றம் என்று சொல்லும் நாட்டின் தலையாய நீதிமன்றத்தை இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்பர். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் அது மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். இதனை மனதிற் கொண்டு தொடர்வோம்.

பெண்கள் சட்டத் தொழிலுக்குள் நுழைந்த கதை நீண்டது. கொர்னேலியா சொராப்ஜி என்ற பார்சிக் குடும்பத்துப் பெண் 1892ஆம் ஆண்டிலேயே ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பரீட்சை எழுதினார். பரீட்சை எழுதலாம், ஆனால் பட்டம் இல்லை, வழக்குப் பேசும் உரிமையும் இல்லை. திரைக்குள் வாழ்ந்த விதவைகளின் சொத்துக்களை உறவினரும் காரியதரிசிகளும் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்பெண்கள் அந்நிய ஆண் வழக்கறிஞருடன் பேசமாட்டார்கள். பேசக்கூடிய பெண் வழக்கறிஞரோ இல்லை. 1904ஆம் ஆண்டில் வங்காள அரசாங்கம் சொராப்ஜியை இத்தகைய பெண்களுக்குச் சட்ட ஆலோசகராக நியமித்தது. ஆனாலும் பிரித்தானிய இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் வந்தது 1923ஆம் ஆண்டிற்றான்.

நமது நாட்டில் அந்தக் கதவு 1933ஆம் ஆண்டில் திறந்தது. அடுத்த ஆண்டு, 1934இல், கொழும்பிற் பிறந்த பார்சிப் பெண்ணான அவாபாய் வாடியா இங்கிலாந்தில் பாரிஸ்டர் பரீட்சையிற் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து சென்று அப்பரீட்சையில் வென்ற முதற் பெண் அவரே. பின்னாளில் இந்தியாவிற் குடியேறி, குடும்பத் திட்டச் சேவையில் உலகப் புகழ் பெற்றார்.

இந்த வரலாற்றில் இன்னொரு பெயரும் நமக்குத் தேவை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த அன்னா சாண்டி, திவான் சேர் சி.பி. இராமசுவாமி ஐயரின் காலத்தில், 1937ஆம் ஆண்டில் முன்சீப் நீதிபதியாக நியமனம் பெற்றார். 1959ஆம் ஆண்டில் அவர் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானபோது, இந்தியாவில் அப்பதவியை வகித்த முதற் பெண் என்ற சிறப்பும் அவருக்கே உரியதாயிற்று.

அன்னா சாண்டியின் புகழ், பத்தனம்திட்டா என்ற ஊரில் வாழ்ந்த ஓர் அரசாங்க ஊழியரின் காதில் விழுந்தது. அவர் பெயர் மீரா சாஹிப். மனைவி கதீஜா பீவி. அவர்களுக்கு 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி பிறந்த மூத்த மகளே பாத்திமா பீவி. ஊரிலே கத்தோலிக்கேற் பாடசாலையிற் படித்து, திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இரசாயனவியலிற் பட்டம் பெற்றார். அதே துறையில் மேலே படிக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். தகப்பனார் வேறு விதமாக எண்ணினார். இரசாயனம் படித்தால் ஊரிலோ அயலிலோ ஓர் ஆசிரியராகலாம். சட்டம் படித்தால் அன்னா சாண்டியைப் போல் ஒரு பாதையைத் திறக்கலாம் என்பது அவரது கணக்கு.

நேயர்களே, 1940களின் பிற்பகுதி என்பதை நினைத்துப் பாருங்கள். வயது வந்த பெண்பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்துவதே முஸ்லிம் ஊர்களில் வழக்கமாயிருந்த காலம். அக்காலத்தில் ஒரு வாப்பா தம் மூத்த மகளை, ஆண்கள் நிறைந்த சட்டக் கல்லூரிக்கு அனுப்புகின்றார். நம் தேசத்தில் இதே கனவை அதற்கு முன்னரே கண்டவர் ஒருவர் இருந்தார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882இல் தொடங்கியவரும், 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை 1885இல் தந்தவருமான அறிஞர் சித்திலெப்பையே அவர். அவரும் ஒரு சட்டத்தரணிதான். முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று அவர் வாதாடியது வழக்கு மன்றத்தில் அல்ல, தம் சமூகத்தின் முன்னால். மீரா சாஹிப் செய்ததும் அதுவே; அவர் தம் வீட்டு மட்டிற் செய்தார்.

பாத்திமா பீவி திருவனந்தபுரம் அரசாங்கச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தபோது வகுப்பில் பெண்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கினர். 1950ஆம் ஆண்டில் நடந்த வழக்கறிஞர் மன்றப் பரீட்சையில் அவர் முதலிடம் பெற்றுத் தங்கப் பதக்கம் வென்றார். அப்பதக்கத்தை வென்ற முதற் பெண்ணும் அவரே. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் திகதி வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, கொல்லம் நகர நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். தலையை மூடிய ஒரு முஸ்லிம் பெண் வழக்குப் பேச எழுந்து நிற்பது அந்த மன்றத்துக்குப் புதுமை. புருவங்கள் உயர்ந்தன. அவர் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைப் பார்த்தார்.

இனி அவருடைய வாழ்க்கை படிப்படியாக ஏறியது. ஒவ்வொரு படியையும் ஆண்டோடு சொல்கின்றேன். அதற்குக் காரணம் உண்டு. 1958இல் பரீட்சை வழியாகக் கேரள நீதிச் சேவையிற் சேர்ந்து முன்சீப் ஆனார். 1968இல் சார்பு நீதிபதி. 1972இல் தலைமை நீதவான். 1974இல் மாவட்ட நீதிபதி. 1980இல் வருமான வரி மேன்முறையீட்டு நியாய சபையின் நீதித்துறை உறுப்பினர். 1983 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1989 ஏப்ரல் 29ஆம் திகதி, 62 வயது நிறைந்தபோது, அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். கதை அத்தோடு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் திகதி, இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசராக அவர் பதவியேற்றார்.

உச்ச நீதிமன்றம் 1950 ஜனவரியில் தொடங்கியது. அதே ஆண்டிற்றான் பாத்திமா பீவியும் கறுப்பு அங்கி அணிந்தார். அந்த மன்றம் ஒரு பெண்ணைத் தன் ஆசனத்தில் அமர்த்துவதற்கு 39 ஆண்டுகள் எடுத்தது. நமது நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கு முதற் பெண்ணாகக் கலாநிதி ஷிராணி பண்டாரநாயக்க வந்தது 1996ஆம் ஆண்டில். ஐக்கிய அமெரிக்காவில்கூட அது 1981இல்தான் நடந்தது. ஆகவே இது கீழைத்தேயத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

படிகளை ஆண்டோடு சொன்னதன் காரணம் இதுதான். பாத்திமா பீவி யாருடைய மகள் என்பதாலோ, யாருடைய மனைவி என்பதாலோ மேலே தூக்கி வைக்கப்பட்டவர் அல்லர். சின்னச் சின்ன வழக்குகளைக் கேட்கும் முன்சீப் ஆசனத்திலிருந்து நாட்டின் தலையாய மன்றம் வரை, 31 ஆண்டுகள் ஒரு படியையும் தாண்டாமல் ஏறியவர். காணியெல்லைச் சண்டையையும் வாடகை வழக்கையும் கேட்டுப் பழகிய காது அது.

அந்தக் காது எதைக் கேட்டது என்பதற்கு ஒரு தீர்ப்பை உதாரணம் சொல்லலாம். கர்நாடக மாநிலத்தில் சேரிப் பகுதி ஒன்றைச் சீரமைப்பதற்காக அரசாங்கம் சட்டப்படி பிரகடனம் செய்தது. குடியிருந்த ஏழைகள் தமக்கு விடிவு வந்தது என்று நம்பினர். பின்னர் அரசாங்கமே இன்னோர் அறிவித்தலை வெளியிட்டு, அந்த நிலத்தின் ஒரு பகுதியை விலக்கிக்கொண்டது. குடியிருந்தோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991இல் பாத்திமா பீவி எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது: முதற் பிரகடனத்தால் அந்த மக்களுக்கு ஓர் உரிமை வந்துவிட்டது, அதை எடுப்பதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும், கேளாமல் எடுத்தது செல்லாது. மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது நீதியின் பழைய விதி. அந்த விதியைச் சேரியின் வாசல் வரை கொண்டுபோனதே அத்தீர்ப்பின் பெருமை.

1992 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். அங்கே அவர் இருந்தது இரண்டரை ஆண்டுகளே. அதன் பின் இந்தியத் தேசிய மனித உரிமை ஆணைக்குழுவின் உறுப்பினராகப் பணி புரிந்தார். 1997 ஜனவரி 25ஆம் திகதி தமிழ்நாட்டின் ஆளுநரானார். சென்னை கிண்டியிலுள்ள அந்த மாளிகையில், 1980ஆம் ஆண்டில் சிறிது காலம் பதில் ஆளுநராக இருந்தவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயீல். கம்பனைக் கரைத்துக் குடித்த அந்த நாகூர்க்காரரை இலக்கிய நேயர்களுக்கு அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. நாகூர் ஆண்டகையின் பெயரால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றும் நமக்கு, நாகூர் தூரத்து ஊருமல்ல. அந்த நாகூர் அமைந்த மாநிலத்துக்கு, பத்தனம்திட்டா மீரா சாஹிபின் மகள் ஆளுநராய் வந்தார்.

வரலாறு எழுதுவோர் புகழை மட்டும் எழுதினால் அது வாழ்த்துப்பா ஆகிவிடும். ஆளுநர் பதவியில் அவர் எடுத்த முடிவுகள் இரண்டு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. 1999இல், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை அவர் நிராகரித்தார். அமைச்சரவையின் ஆலோசனையைப் பெறாமல் அவ்வாறு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. 2001 மே 14ஆம் திகதி, ஊழல் வழக்கிற் தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கவே முடியாதிருந்த ஜெயலலிதாவுக்கு அவர் முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். சட்டசபையிற் பெரும்பான்மையோர் அவரையே தெரிந்தனர் என்பது ஆளுநர் தரப்பு நியாயம். ஜூன் 30 அதிகாலையில் முன்னாள் முதலமைச்சர் கருணாநிதி கைது செய்யப்பட்டார். அதையடுத்து எழுந்த கொந்தளிப்பில், ஆளுநரைத் திருப்பியழைக்க மத்திய அரசு முடிவு செய்தது. பாத்திமா பீவி பதவி துறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் திகதி, ஐந்து நீதியரசர்கள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்த முதலமைச்சர் நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அந்த ஐவரில் ஒருவர் ரூமா பால். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மூன்றாவது பெண் அவர். தாம் மூடிய கதவொன்றைத் திறந்ததாகப் பாத்திமா பீவி சொன்னதுண்டு. அக்கதவின் வழியே வந்த இன்னொரு பெண்ணே, அவர் செய்த செயல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொன்ன மன்றத்திலும் இருந்தார். இதில் முன்னவருக்கு இழிவில்லை என்பேன். பெண் என்பதற்காக ஒருவர் ஆசனத்தில் அமர்வதைத் தடுக்கவும் கூடாது. பெண் என்பதற்காக அவர் தவறைத் தவறில்லை என்று சொல்லவும் கூடாது. ஆசனம் சமமானால் விசாரணையும் சமமாகத்தான் இருக்கும்.

பதவி துறந்தபின் அமைதியாக வாழ்ந்த அன்னார், 2023 நவம்பர் 23ஆம் திகதி தமது 96ஆவது வயதிற் காலமானார். 2024இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதை அவர் பெயருக்கு வழங்கியது. 2021 ஆகஸ்டில் ஒரே நாளில் மூன்று பெண்கள் இந்திய உச்ச நீதிமன்றத்திற் பதவியேற்றதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். ஆயினும் அவர் கண்மூடும் வரை, அந்த ஆசனத்தில் இரண்டாவது முஸ்லிம் பெண் ஒருவர் அமரவில்லை என்பதும் உண்மை.

நேயர்களே, இனி நம் கரைக்குத் திரும்புவோம். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றைத் தாண்டியும் நீளும் நமது கரையோரத்தில், குடி என்பது தாய்வழி வருவது. உம்மாவின் குடியே பிள்ளையின் குடி. வீடும் வளவும் மகளுக்கே போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய்வழியைக் கொண்டே பள்ளிவாசல் மரைக்காயர்மாரையும் தெரிந்த சமூகம் இது. வெளியூரார் வியக்குமளவுக்குப் பெண் இங்கே வீட்டுக்குச் சொந்தக்காரி.

அப்படிப்பட்ட பெண்ணொருத்தி கணவனிடம் தாபரிப்புக் கேட்கவோ, மஹரையும் கைக்கூலியையும் மீளப் பெறவோ, விவாகரத்துக் கோரவோ செல்ல வேண்டிய இடம் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், காதியாக நியமிக்கப்படுபவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அதே சட்டம், காதியின் முன்னால் சட்டத்தரணிகள் தோன்றுவதையும் தடுத்தது. குறைந்த செலவில், சச்சரவு வளராமல், ஊருக்குள்ளேயே இணக்கம் காண வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது, அது நல்லெண்ணமே. ஆனால் அதன் விளைவையும் பாருங்கள். கறுப்பு அங்கி அணிந்து மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடும் மகள், காதியின் முன்னால் தன் சொந்த உம்மாவுக்காகக்கூட வாய் திறக்க முடியாது. அவளே காதியாகவும் முடியாது. வீட்டுக்குள் நடந்ததையெல்லாம் அந்த உம்மா தனியே நின்று, ஓர் ஆணின் முன்னாலேயே சொல்லியாக வேண்டும். சொராப்ஜி திரைக்குள் வாழ்ந்த விதவைகளுக்காக வருந்தியது இதே நிலையை எண்ணித்தான்.

இச்சட்டத்தை ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு, 2018இல் அறிக்கையைக் கையளித்தபோது, பெண் காதி உள்ளிட்ட விடயங்களில் இரண்டாகப் பிரிந்து நின்றது. மார்க்கம் இடந்தருமா என்பதே ஒரு சாராரின் கேள்வி. சிவில் பிணக்குகளில் பெண் தீர்ப்பளிக்கலாம் என்று இமாம் அபூஹனீபா கொண்ட கருத்தும், எல்லா வழக்கிலும் அளிக்கலாம் என்று இமாம் தபரீயின் பெயரால் வழங்கும் கருத்தும் மார்க்க அறிஞர் அறிந்தவையே. நம்மைப் போல் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலேசியாவில், 2010ஆம் ஆண்டில் இரு பெண்கள் ஷரீஆ நீதிபதிகளாக நியமனம் பெற்றனர். பாலஸ்தீனத்தில் 2009இல் அது நிகழ்ந்தது. இந்தோனேசியாவில் அதற்கும் நெடுங்காலம் முன்னரே நிகழ்ந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் உலமா அல்லன். ஆனால் தீர்ப்புச் சொல்வோர், அந்தக் காதி நீதிமன்றத் திண்ணையில் குழந்தையோடு காத்திருக்கும் பெண்ணின் சொல்லையும் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்கு ஆலிமாக இருக்கத் தேவையில்லை. கர்நாடகத்துச் சேரி மக்களுக்காகப் பாத்திமா பீவி சொன்னது அதைத்தான்.

மீரா சாஹிபை எண்ணிப் பார்க்கிறேன். மகளை ஆசிரியராக்கி அருகில் வைத்திருப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதில் எந்தக் குறையும் இல்லை. நம் ஊர்களை எழுத்தறிய வைத்தவர்கள் பெண் ஆசிரியைகளே. ஆனால் அவர் மகளின் பெறுபேற்றுத் தாளோடு சேர்த்து, அன்னா சாண்டி என்ற வேற்றூர்ப் பெண்ணின் பெயரையும் மனதில் வைத்திருந்தார். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரியிலிருந்து உயர்தரம் எழுதிவிட்டு வந்து, அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளையிடம் நம் வாப்பாமார் சொல்வதற்கு, இன்று அதைவிடப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கின்றது. பாத்திமா என்ற பெயர் நம்மில் எத்தனையோ வீடுகளில் ஏற்கெனவே உண்டு.